ஆரஞ்சு கவுண்டியின் வாக்கு: நிலம், குடியேற்றம், கட்சிச் சார்பு (1889–2024)

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலங்கள் பெரும்பாலும் 'கவுண்டி' எனப்படும் நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பரப்பளவிலும் பொறுப்புகளிலும் கவுண்டியை ஏறக்குறைய ஒரு மாவட்டத்தோடு ஒப்பிடலாம் என்றாலும், அதை ஆள்பவர் மேலிடத்திலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர் அல்லர். கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து மேற்பார்வையாளர்கள் கொண்ட குழுவே அந்த அதிகாரத்தைக் கொண்டிருக்கிறது. அம்மாநிலத்தின் தென்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியாகோவுக்கும் இடையே, பசிபிக் கடலை ஒட்டிச் சுமார் 40 மைல் நீளக் கரையோடு அமைந்திருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் 34 நகரங்கள் உள்ளன; 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 31.87 லட்சம் பேர். 1936இல் ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்குப் பெரும்பான்மை தந்த இந்தக் கவுண்டி, அதற்குப் பின் 1940 முதல் 2012 வரை நடந்த 19 குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் விதிவிலக்கின்றிக் குடியரசுக் கட்சி வேட்பாளரையே ஆதரித்தது. 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் அது ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தது. இந்தத் திருப்பத்தை மக்களின் மனமாற்றம் என்று மட்டும் விளக்கிவிடுவது எளிது, ஆனால் போதாது. அங்கு யார் நிலம் வாங்க முடிந்தது, யாருக்கு வேலை கிடைத்தது, யார் குடியுரிமை பெற்று வாக்குச்சாவடிக்குள் நுழைய முடிந்தது என்ற கேள்விகளைத் தொடர்ந்து கேட்டால்தான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

1889 வரை இப்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஓர் அங்கமாகவே இருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நடந்த வாக்கெடுப்பின் மூலம் பிரிந்து, சாண்டா அனாவைத் தலைநகராகக் கொண்ட தனிக் கவுண்டியாயிற்று. மெக்சிகோவின் ஆட்சிக்காலத்துப் பெரும் மேய்ச்சல் நிலங்கள் கைமாறி, கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை நீண்ட இர்வைன் பண்ணை போன்ற ஒரே உடைமைகளாகத் திரண்டிருந்த நிலையில், வடபகுதியில் சிறு தோட்டங்களாக வாங்கிக் குடியேறியவர்களில் பலர் நாட்டின் நடுமேற்கு மாநிலங்களிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள். மதுவிலக்கில் உறுதியும் சிக்கனத்தில் பெருமிதமும் கொண்டிருந்த அவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியைச் சார்ந்திருந்தனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான ரிச்சர்ட் நிக்சன் 1913இல் பிறந்த யோர்பா லிண்டா, அத்தகைய குடும்பங்கள் எலுமிச்சையும் ஆரஞ்சும் பயிரிட்டு வாழ முயன்ற ஊர்களில் ஒன்று.

இந்தத் தோட்டச் சமூகத்தின் அமைதியான தோற்றத்துக்குள் எத்தகைய பிளவு இருந்தது என்பதை அனஹைம் நகரின் 1924ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகிறது. ஜெர்மானியக் குடியேறிகள் 1857இல் திராட்சைத் தோட்டங்களுக்காக உருவாக்கிய அந்நகரில், மதுவிலக்கைத் தளர்வாகக் கடைப்பிடித்த பழைய குடும்பங்களுக்கும் புதிதாக வந்த கடுமையான புராட்டஸ்டன்ட்களுக்கும் இடையே நெடுநாள் பூசல் இருந்தது. வெள்ளை இன மேலாண்மையைக் கொள்கையாகக் கொண்ட கு கிளக்ஸ் கிளான் என்ற இரகசிய அமைப்பு அந்தப் பூசலைப் பயன்படுத்திக்கொண்டு, 1924 ஏப்ரலில் நடந்த நகர்மன்றத் தேர்தலில் ஐந்து இடங்களில் நான்கைக் கைப்பற்றியது. கத்தோலிக்கருக்கு எதிரான பகைமையை அரசியலாக்கிய அவ்வமைப்பின் உறுப்பினர்கள் காவல் துறையிலும் இடம்பிடித்தனர். நகருக்குள் நுழையும் சாலைகளில் அமைப்பின் இரகசிய வாழ்த்துச் சொல்லின் எழுத்துகள் பெரிதாகத் தீட்டப்பட்டன. பதவிக்காலம் முடியும் முன்பே வாக்காளர்கள் மனுக் கொடுத்து மறுவாக்கெடுப்பின் மூலம் உறுப்பினர்களை நீக்கும் 'திரும்ப அழைத்தல்' என்ற உரிமை கலிஃபோர்னியாவில் இருந்ததால், 1925 பிப்ரவரியில் நகர மக்கள் அவர்களை வெளியேற்றினர். பத்தே மாதங்களில் அந்த ஆட்சி முடிந்தது என்பது அனஹைம் மக்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி. கிளான் உறுப்பினர்கள் முறையாக நடந்த தேர்தலில் வாக்குப் பெற்றே பதவிக்கு வந்தார்கள் என்பதும் அதே அளவு நினைவில் நிற்க வேண்டியது.

தோட்டங்களில் பழம் பறித்தவர்கள் இந்தத் தேர்தல் கணக்குகளில் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தோட்டங்களை ஒட்டிய தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை இல்லை. அவர்களின் பிள்ளைகள் தனிப் பள்ளிகளில் படித்தனர். 1936 கோடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆரஞ்சு பறிப்பவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, தாமே ஒரு தோட்ட உடைமையாளராக இருந்த ஷெரிஃப், அதாவது கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட காவல் தலைவர், நூற்றுக்கணக்கானோருக்கு ஆயுதம் கொடுத்துத் துணைக் காவலர்களாக நியமித்துச் சுட்டுக்கொல்லவும் ஆணையிட்டார். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்ட அதே ஆண்டின் நவம்பரில்தான் கவுண்டி ரூஸ்வெல்ட்டுக்குப் பெரும்பான்மை தந்தது. பொருளாதார வீழ்ச்சியின் நெருக்கடியில் தோட்டக்காரர்களும் சிறுவணிகர்களும் கூட்டாட்சி அரசின் உதவியை நாடினார்கள் என்பதே அதன் பொருள்; தோட்டத்தில் வேலை செய்தவர்களின் குரல் வாக்குப் பெட்டியை எட்டியது என்று அதற்குப் பொருள் கொள்ள இயலாது.

அந்தக் குரல் நீதிமன்றத்தின் வழியாகவே முதலில் கேட்கப்பட்டது. குறிப்பிட்ட இனத்தவருக்கு வீட்டு மனைகளை விற்கக் கூடாது என்று பத்திரங்களில் சேர்க்கப்பட்டிருந்த கட்டுப்பாட்டு விதியைக் காட்டி, ஃபுல்லர்டனில் வீடு வாங்கிய ஒரு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தை வெளியேற்ற அண்டை வீட்டார் தொடுத்த வழக்கில், 1943இல் கவுண்டியின் உயர்நிலை விசாரணை நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பதை எதிர்த்து மெண்டஸ் குடும்பமும் வேறு நான்கு குடும்பங்களும் வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ், சாண்டா அனா, எல் மொடேனா ஆகிய நான்கு பள்ளி மாவட்டங்கள் மீது தொடுத்த வழக்கில் 1946 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி பால் மெக்கார்மிக் அந்த வழக்கத்தைச் செல்லாது என்று அறிவித்தார். 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நாடு முழுவதும் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளிப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாக இது நிகழ்ந்தது. பழமைவாதக் கோட்டை என்று பின்னாளில் பெயர்பெற்ற மண்ணிலிருந்தே இத்தீர்ப்பு எழுந்தது என்பதைக் கவுண்டியின் அரசியல் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவது நியாயமன்று.

இரண்டாம் உலகப் போர் கவுண்டியின் முகத்தை மாற்றியது. டஸ்டினில் கடற்படையின் வான்கப்பல் தளமும், எல் டோரோவில் கடற்படைக் காலாட்படையின் விமானத் தளமும், சாண்டா அனாவில் தரைப்படையின் விமானப் பயிற்சி முகாமும் 1940களின் தொடக்கத்தில் எழுந்தன. பனிப்போர் தொடங்கியதும் ஏவுகணை, ரேடார், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் வந்தன. ஃபுல்லர்டனில் ஹியூஸ் நிறுவனமும், நியூபோர்ட் பீச்சில் ஃபோர்டு நிறுவனத்தின் ஏரோநியூட்ரானிக் பிரிவும் பொறியாளர்களைத் திரளாக வேலைக்கு அமர்த்தின. 1940களின் இறுதியில் சுமார் 67,000 ஏக்கரில் பரவியிருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள், மரங்களைத் தாக்கிய வைரஸ் நோயாலும் மனை விலையின் ஏற்றத்தாலும் வேகமாக அழிந்து வீடுகளாயின. 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டதும் அத்தகைய ஒரு தோட்டத்தின் மேல்தான். 1950இல் 2.16 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1960இல் 7.04 லட்சமாகவும், 1970இல் 14.2 லட்சமாகவும் உயர்ந்தது. இருபதே ஆண்டுகளில் ஆறரை மடங்குக்கு மேல் பெருகிய ஓர் இடத்தில் பழைய பழக்கங்கள் தாமாகத் தொடர்வது அரிது. ஆகவே 1960களில் அங்கு உருவான அரசியலைப் பழமையின் எச்சமாகக் கருத முடியாது. புதிதாக வந்தவர்கள் புதிதாகக் கட்டியதே அது.

வந்தவர்கள் யார் என்பதை வீட்டுச் சந்தை முடிவுசெய்தது. போர் முடிந்து திரும்பியோருக்கான கடன்களும், கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்புறுதி பெற்ற அடமானக் கடன்களும் வெள்ளையர் வாழும் புறநகர்களுக்கே பெரிதும் கிடைத்தன. 1960இல் கவுண்டியின் கறுப்பின மக்கள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழேயே இருந்தனர். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து 1963இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய ரம்ஃபோர்ட் சட்டத்தைச் செயலிழக்கச் செய்ய 1964இல் 14ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. 'முன்மொழிவு' என்பது, சட்டமன்றத்தைக் கடந்து மக்களே நேரடியாக வாக்களித்துச் சட்டத்தை நிறைவேற்றும் அல்லது நீக்கும் கலிஃபோர்னிய முறை. மாநிலம் முழுவதும் அது பெரும்பான்மையுடன் நிறைவேறியது. சாண்டா அனாவில் வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட ஒரு கறுப்பினத் தம்பதியர் தொடுத்த வழக்கே பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1967இல் அம்முன்மொழிவைச் செல்லாததாக்கியது.

அரசியல் அமைப்புகளின் வளர்ச்சியும் இதே பத்தாண்டைச் சேர்ந்தது. கம்யூனிசச் சதி அமெரிக்க அரசுக்குள்ளேயே ஊடுருவிவிட்டது என்று நம்பிய ஜான் பர்ச் சங்கம் 1958இல் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் ஆரஞ்சு கவுண்டியின் வீட்டு வரவேற்பறைகளில் வேரூன்றியது. 1960இல் பொதுவுரிமைகளுக்கான ஓர் அமைப்பின் கூட்டத்தைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நடத்திய அனஹைம் பகுதிப் பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவர், அதற்காகவே எதிர்ப்புக்கு உள்ளாகி, 1961இல் திரும்ப அழைத்தல் வாக்கெடுப்பில் பதவியிழந்தார். மனுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள் கட்சித் தொண்டர்கள் அல்லர். பொறியாளர்களின் மனைவியரும், பல் மருத்துவர்களும், தேவாலயக் குழுவினரும் அப்போதுதான் அரசியலின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டிருந்தனர். வரலாற்றாசிரியர் லிசா மெக்கிர் இந்த மக்களை ஆழ்ந்து ஆராய்ந்து, அமெரிக்கப் புதிய வலதுசாரி இயக்கம் வறுமையிலோ கல்வியின்மையிலோ பிறந்ததன்று, படித்த, வசதியான, முன்னேற்றத்தை நம்பிய புறநகர் மக்களிடையே உருவானது என்று நிறுவியது இன்றும் பொருந்தும் முடிவு.

அவர்களின் உழைப்புக்கு முதல் பலன் 1964 ஜூனில் கிடைத்தது. குடியரசுக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கலிஃபோர்னிய முதல்நிலைத் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர், நெல்சன் ராக்கஃபெல்லரை மிகக் குறைந்த வேறுபாட்டில் வென்றதற்கு லாஸ் ஏஞ்சலஸும் ஆரஞ்சு கவுண்டியும் அளித்த வாக்குகளே காரணம். நவம்பரில் நாடெங்கும் படுதோல்வி அடைந்த கோல்ட்வாட்டர் ஆரஞ்சு கவுண்டியில் சுமார் 56 விழுக்காடு பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அதே தொண்டர் வலை ரானல்ட் ரேகனை மாநில ஆளுநராக்க உதவியது. 1984இல் தம் இரண்டாவது தலைவர் தேர்தல் பிரசாரத்தை ரேகன் ஃபவுண்டன் வேலியின் மைல் ஸ்கொயர் பூங்காவில் தொடங்கினார். அத்தேர்தலில் கவுண்டியின் சுமார் 75 விழுக்காட்டு வாக்குகள் அவருக்குச் சென்றன. பியூனா பார்க்கில் பழத்தோட்டத்தைக் கேளிக்கைப் பூங்காவாக வளர்த்த வால்ட்டர் நாட் போன்ற செல்வந்தர்களின் நன்கொடையும், சாண்டா அனா நாளிதழை 1935இல் வாங்கி அரசுத் தலையீட்டையே தீமையாகக் கண்ட ஆர்.சி. ஹாய்ல்ஸின் எழுத்தும், ராபர்ட் ஷூலர் 1955இல் திறந்தவெளி வாகனத் திரையரங்கில் தொடங்கிய தேவாலயத்தைப் போன்ற புதிய சபைகளும் இந்தச் சூழலுக்கு வலுச்சேர்த்தன. ஹாய்ல்ஸ் தம் கொள்கைக்கு உண்மையாக இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததை வெளிப்படையாக எதிர்த்த மிகச் சில பத்திரிகை உரிமையாளர்களில் அவர் ஒருவர்.

இங்கு ஒரு முரண் உண்டு. கூட்டாட்சி அரசின் பெருக்கத்தை எதிர்த்து வாக்களித்தவர்களின் ஊதியம் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களிலிருந்து வந்தது. அவர்களின் வீடுகள் கூட்டாட்சிக் காப்புறுதியில் வாங்கப்பட்டவை. அவர்கள் பயணித்த நெடுஞ்சாலைகளும் குடித்த நீரும் பொதுப்பணத்தால் வந்தவை. ஆனால் இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடுவது அவர்களைப் புரிந்துகொள்ள உதவாது. கம்யூனிசத்துக்கு எதிரான படைக்கலன்களை உருவாக்குவதைத் தாங்கள் அரசிடம் பெறும் சலுகையாக அவர்கள் கருதவில்லை. நாட்டுக்குச் செய்யும் கடமையாகவே கருதினர். வாங்கிய வீட்டைத் தங்கள் உழைப்பின் விளைவாகவே கண்டனர். சொத்து வரிக்கு உச்சவரம்பிட்ட 1978ஆம் ஆண்டின் 13ஆம் முன்மொழிவுக்கு அவர்கள் தந்த ஆதரவு அந்த உணர்வின் நேரடி வெளிப்பாடு.

அந்த உணர்வுக்கு ஒரு விலை இருந்தது என்பது 1994இல் வெளிப்பட்டது. சொத்து வரி வருவாய் கட்டுப்பட்டிருந்த சூழலில், கவுண்டியின் கருவூல அலுவலர் ராபர்ட் சிட்ரான், கவுண்டியும் பல நகரங்களும் பள்ளி மாவட்டங்களும் ஒப்படைத்திருந்த சுமார் 750 கோடி டாலரை ஈடாக வைத்து மேலும் கடன் வாங்கி, மொத்தம் ஏறத்தாழ 2,000 கோடி டாலரை வட்டி விகிதம் உயராது என்ற எதிர்பார்ப்பில் முதலீடு செய்திருந்தார். வட்டி ஏறியதும் ஏறக்குறைய 164 கோடி டாலர் நட்டமாயிற்று. டிசம்பர் 6 அன்று கவுண்டி திவாலானதாக அறிவித்தது. அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் நிகழ்ந்ததில்லை. சிட்ரான் ஜனநாயகக் கட்சிக்காரர் என்றாலும், வரி கூட்டாமல் வருவாய் பெருக்கிக் காட்டிய அவரைக் குடியரசுக் கட்சி மேற்பார்வையாளர்கள் பல ஆண்டுகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தனர். நட்டத்தை ஈடுசெய்ய விற்பனை வரியை அரை விழுக்காடு உயர்த்தும் திட்டம் 1995 ஜூனில் வாக்கெடுப்புக்கு வந்தபோது வாக்காளர்கள் அதைப் பெரும் வேறுபாட்டில் நிராகரித்தனர். கவுண்டி திவாலான பின்னரும் அவர்களின் கொள்கை தளரவில்லை.

திவாலுக்கு ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவான நாட்கள் முன், நவம்பர் 8 அன்று, 187ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. ஆவணமின்றிக் குடியேறியவர்களுக்குப் பள்ளிக் கல்வி, அவசரமல்லாத மருத்துவம் உள்ளிட்ட பொதுச் சேவைகளை மறுக்கும் அம்முன்மொழிவு ஆரஞ்சு கவுண்டியைச் சேர்ந்தவர்களின் முயற்சியில் உருவானது. மாநிலத்தில் 59 விழுக்காடும் இங்கு சுமார் 67 விழுக்காடும் ஆதரவு பெற்றது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்துவிட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அது யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவர்கள் அதை மறக்கவில்லை. 1986இல் ரேகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தின்கீழ் சட்டபூர்வ நிலை பெற்ற இலட்சக்கணக்கானோர், முதலில் தற்காலிக உரிமமும், பின்னர் நிரந்தர வசிப்புரிமையும் பெற்று, அதன்பின் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, 1990களின் நடுப்பகுதியில்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியை அடைந்தனர். சட்டத்தின் கால அட்டவணையும் அரசியல் அச்சமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால், சாண்டா அனா, அனஹைம் போன்ற நகரங்களில் குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிவுசெய்வோரின் எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது.

அந்த அச்சத்துக்கு முன்வரலாறும் இருந்தது. 1988 நவம்பரில், மாநிலக் கீழவைத் தொகுதி ஒன்றில் நெருக்கமான போட்டி நடந்தபோது, குடியரசுக் கட்சியின் உள்ளூர் அமைப்பு சாண்டா அனாவில் 20 வாக்குச்சாவடிகளுக்குச் சீருடை அணிந்த தனியார் காவலாளிகளை அனுப்பியது. குடிமக்கள் அல்லாதவர் வாக்களிக்க முடியாது என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதிய பலகைகளை ஏந்தி அவர்கள் நின்றனர். கட்சியின் வேட்பாளர் கர்ட் பிரிங்கிள் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் வென்றார். வாக்காளர்கள் தொடுத்த வழக்கு 4 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் சமரசத்தில் முடிந்தது. தம் குடியுரிமையில் எந்த ஐயமும் இல்லாத ஒருவரும், சீருடைக்காரர் நிற்கும் வாயிலைக் கடக்கும்போது ஒரு கணம் தயங்கினால் அந்தத் தயக்கமே தேர்தலைத் திசைமாற்றப் போதுமானது. அவ்வகையில் 1988ஆம் ஆண்டின் அந்த நாளைக் கவுண்டியின் வாக்கு வரலாற்றில் மிக வேதனையான நாட்களுள் ஒன்றாகக் கருத வேண்டும்.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே தெருக்களில் வேறொரு முடிவு வந்தது. சாண்டா அனா, அனஹைம், கார்டன் குரோவ் பகுதிகளை உள்ளடக்கிய தொகுதியில், கூட்டாட்சிப் பிரதிநிதிகள் சபையில் நெடுங்காலம் இருந்த குடியரசுக் கட்சியின் பாப் டார்னனை, ஜனநாயகக் கட்சியின் அதிகம் அறியப்படாத லொரெட்டா சான்செஸ் 984 வாக்குகளில் தோற்கடித்தார். குடிமக்கள் அல்லாதோர் வாக்களித்ததாக டார்னன் முறையிட்டார். குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையிலிருந்த சபைக் குழு ஓராண்டுக்கு மேல் விசாரித்து 748 வாக்குகள் செல்லாதவை என்றும், அவை முடிவை மாற்றப் போதாதவை என்றும் கண்டு, 1998 பிப்ரவரியில் முறையீட்டைக் கைவிட்டது.

வியட்நாமிய மக்களின் வரலாறு வேறு பாதையில் சென்றது. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்ததும், கவுண்டியின் தென்னெல்லையை ஒட்டிய கேம்ப் பெண்டில்டன் படைத்தளத்தில் அகதிகளுக்கான முகாம் திறக்கப்பட்டது. முகாமிலிருந்து வெளியேற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொறுப்பேற்பாளர் வேண்டும் என்ற விதியின் காரணமாக, அருகிலிருந்த தேவாலயங்களே அவர்களுக்கு முதல் கதவைத் திறந்தன. வெஸ்ட்மின்ஸ்டரின் போல்சா அவென்யூவில் மலிவாகக் கிடைத்த கடைமனைகளில் மருந்தகமும் மளிகையும் உணவகமும் எழுந்து, 1980களில் 'குட்டி சைகோன்' என்ற பெயர் நிலைத்தது. 1988இல் மாநில ஆளுநர் அதற்கு அலுவல்முறை ஏற்பு அளித்தார். கம்யூனிச ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு, கம்யூனிச எதிர்ப்பையே அடையாளமாகக் கொண்ட கட்சி இயல்பான இல்லமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1992இல் டோனி லாம் வெஸ்ட்மின்ஸ்டர் நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அமெரிக்காவில் தேர்தல் மூலம் பதவி பெற்ற முதல் வியட்நாமிய அமெரிக்கரானார். 1999இல் ஓர் ஒளிநாடாக் கடைக்காரர் ஹோ சி மின்னின் படத்தை மாட்டியபோது ஆயிரக்கணக்கானோர் பல வாரங்கள் கடைமுன் திரண்டு நின்றது, அந்தச் சமூகத்தின் காயம் எவ்வளவு பச்சையாக இருந்தது என்பதைக் காட்டியது. 2007இல் மேற்பார்வையாளர் பதவிக்கான இடைத்தேர்தலில் இரு வியட்நாமிய வேட்பாளர்களே முதலிரு இடங்களைப் பிடித்தனர். மறு எண்ணிக்கைக்குப் பின் ஜேனட் நுயென் மூன்று வாக்குகளில் வென்றார். வாக்குரிமைச் சட்டத்தின் மொழிப் பிரிவு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆங்கிலம் சரளமாக அறியாத வாக்காளர் உள்ள இடங்களில் அவர்களின் மொழியிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்று வரையறுப்பதால், ஆரஞ்சு கவுண்டியின் தேர்தல் அலுவலகம் ஆங்கிலத்துடன் ஸ்பானிய, வியட்நாமிய, கொரிய, சீன மொழிகளிலும் வாக்குச்சீட்டுகளை அச்சிடுகிறது.

பனிப்போர் முடிந்ததும் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் சுருங்கின. எல் டோரோ தளம் 1999இல் மூடப்பட்டது. 1965இல் தொடங்கிய கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சுற்றிப் பண்ணை நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட இர்வைன் நகரம், மருத்துவக் கருவி, மென்பொருள், கல்வி ஆகிய துறைகளில் வேலை செய்யும் சீன, கொரிய, இந்திய, ஈரானிய வம்சாவளிக் குடும்பங்களை ஈர்த்தது. 2020இல் கவுண்டியின் மக்கள்தொகையில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மூன்றிலொரு பங்கும், ஆசிய வம்சாவளியினர் ஐந்திலொரு பங்குக்கு மேலும் இருந்தனர். லத்தீன் வம்சாவளி அல்லாத வெள்ளையர் பாதிக்கும் வெகு கீழே இறங்கியிருந்தனர். ஆனால் மக்கள்தொகை மாற்றம் தானாகவே வாக்காகிவிடுவதில்லை. 2012இல்கூட மிட் ராம்னி இங்கு ஆறு விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்றார். நான்கே ஆண்டுகளில் ஹிலரி கிளிண்டன் சுமார் 51க்கு 42 என்ற விகிதத்தில் முந்தியதற்குப் புதிய வாக்காளர்களோடு பழையவர்களின் மாற்றமும் காரணம். பட்டப்படிப்பு முடித்த, வருமானம் மிகுந்த, வரிக் குறைப்பை விரும்பிய புறநகர்க் குடியரசுக் கட்சியினரில் ஒரு பகுதியினர் டானல்ட் டிரம்பின் கட்சியைத் தம் கட்சியாக ஏற்கவில்லை.

2018இல் கவுண்டியைத் தொடும் ஏழு பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளையும் ஜனநாயகக் கட்சி வென்றது. முப்பது ஆண்டுகள் பதவியிலிருந்த டேனா ரோரபாக்கரைத் தோற்கடித்த ஹார்லி ரௌடாவே முன்பு குடியரசுக் கட்சியில் இருந்தவர். தேர்தல் இரவில் முன்னிலையிலிருந்த குடியரசுக் கட்சியின் யங் கிம், அஞ்சல் வாக்குகள் எண்ணப்பட்ட பின் தோற்றார்; அஞ்சலில் தாமதமாக வந்த வாக்குகளில் இளையோரும் புதியவர்களும் மிகுந்திருந்ததால் எண்ணிக்கை நாளுக்கு நாள் நகர்ந்தது. கலிஃபோர்னியாவில் வாக்காளர் பதிவுசெய்யும்போதே தம் கட்சி விருப்பத்தைக் குறிப்பிடலாம். அந்தப் பதிவேட்டில் 2019 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியினர் குடியரசுக் கட்சியினரைவிட 89 பேர் கூடுதலாயினர். கட்சி எதையும் குறிப்பிடாதோரின் பங்கும் இக்காலத்தில் பெருகியிருந்தது.

இருப்பினும் கோட்டை வீழ்ந்துவிட்டது என்று எழுதியவர்கள் அவசரப்பட்டனர். 2020இல் ஜோ பைடன் ஏறத்தாழ ஒன்பது புள்ளிகளில் முன்னிலை பெற்ற அதே நாளில், கொரிய வம்சாவளியினரான யங் கிம்மும் மிஷெல் ஸ்டீலும் இரு தொகுதிகளைக் குடியரசுக் கட்சிக்கு மீட்டனர். அதிகாரபூர்வமாகக் கட்சி சாராத மேற்பார்வையாளர் குழுவில் 2023 தொடக்கத்தில்தான் ஜனநாயகக் கட்சியினர் பெரும்பான்மை பெற்றனர். கடற்கரையில் லகூனா பீச் தாராளவாதத்துக்கும் ஹண்டிங்டன் பீச் பழமைவாதத்துக்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை. பின்னதன் வாக்காளர்கள் 2024 மார்ச்சில் நகரத் தேர்தல்களில் அடையாள அட்டை கேட்கும் விதியை நிறைவேற்ற, மாநில அரசு அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. கரையிலிருந்து உள்ளே சில மைல் தொலைவில், மக்கள்தொகையில் லத்தீன் வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் சாண்டா அனாவில், குடிமக்கள் அல்லாத குடியிருப்போரும் நகரத் தேர்தலில் வாக்களிக்க இடமளிக்கும் திட்டம் அதே ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனநாயகக் கட்சிக்குப் பெரும் ஆதரவு தரும் அந்நகரத்தின் வாக்காளர்கள் அதை நிராகரித்தனர். குடியுரிமைக்காக நீண்ட காலம் காத்திருந்து பெற்றவர்கள் அந்த உரிமையை எப்படி மதிக்கிறார்கள் என்பதைக் கட்சிச் சார்பைக் கொண்டு மட்டும் கணித்துவிட முடியாது.

அதே நவம்பரில் கமலா ஹாரிஸ் கவுண்டியில் மூன்று புள்ளிகளுக்கும் குறைவான வேறுபாட்டில்தான் முன்னிலை பெற்றார். லத்தீன், வியட்நாமிய வாக்காளர் மிகுந்த பகுதிகளில் டிரம்பின் பங்கு உயர்ந்திருந்தது. எனினும் குட்டி சைகோனை உள்ளடக்கிய 45ஆம் தொகுதியில், வியட்நாமிய அகதிகளின் மகனும் ஜனநாயகக் கட்சி வேட்பாளருமான டெரெக் டிரான், மிஷெல் ஸ்டீலைச் சுமார் 650 வாக்குகளில் தோற்கடித்தார். யார் கம்யூனிசத்துக்கு உண்மையான எதிரி என்பதே அங்கு பிரசாரத்தின் முக்கியப் பொருள்களில் ஒன்றாக இருந்தது. இரு தரப்பும் அதைப் பற்றி வியட்நாமிய மொழியிலும் துண்டறிக்கைகள் அச்சிட்டன. தேர்தல் முடிந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக அஞ்சல் உறைகளின் கையொப்பங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டு எண்ணப்பட்ட பிறகே அந்த முடிவு தெளிவாயிற்று.